ஹோட்டல் நிறுவனத்தின் லாபத்தில் 'இதர வருமானம்': எதை நம்புவது, எதைக் கழிப்பது?

கேள்வி: மும்பை முலுண்டில் இருக்கிறோம். அப்பா ஓய்வுபெற்றவர். பி.எஃப். பணத்தில் கொஞ்சத்தை ஒரு நடுத்தர ஹோட்டல் நிறுவனத்தின் பங்குகளில் போட்டிருக்கிறார். இந்த ஆண்டு அந்த நிறுவனத்தின் வரிக்கு முந்தைய லாபம் 24 கோடியிலிருந்து 38 கோடி ஆகியிருக்கிறது. ஆனால் செயல்பாட்டு வருவாய் 200 கோடியிலிருந்து 204 கோடிதான். நடுவில் 'இதர வருமானம்' என்ற வரி மட்டும் 6 கோடியிலிருந்து 21 கோடிக்குத் தாவியிருக்கிறது. இது என்ன பணம்? நம்பலாமா? இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கலாம் என்கிறார் அப்பா. ஆண்டறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்:

முதலில் கூட்டல் கழித்தலை முடித்துவிடுவோம். அறிக்கையின்படி போன ஆண்டு வருவாய் 200 கோடி, நடப்புச் செலவு 150 கோடி, தேய்மானம் 18, வட்டிச் செலவு 14. மிச்சம் 18 கோடி. அதோடு இதர வருமானம் 6 சேர்ந்து 24. இந்த ஆண்டு வருவாய் 204, செலவு 156, தேய்மானம் 18, வட்டி 13. மிச்சம் 17 கோடி. இதர வருமானம் 21 சேர்ந்து 38. ஆக, ஹோட்டல் நடத்திக் கிடைத்தது 1 கோடி குறைந்திருக்கிறது. லாபத்தின் உயர்வு முழுக்க அந்த ஒரு வரியிலிருந்து வந்தது. அப்பா பார்த்த 58 சதவீத வளர்ச்சியில் அறைக்கும் சமையலறைக்கும் பங்கே இல்லை.

இதனால் நிறுவனம் ஏமாற்றுகிறது என்று அர்த்தமில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணை, செயல்பாட்டு வருவாயையும் இதர வருமானத்தையும் தனித்தனி வரியாகக் காட்டச் சொல்கிறது. அவர்களும் காட்டியிருக்கிறார்கள். வட்டி, டிவிடெண்ட், முதலீட்டை விற்ற லாபம், தொழிலோடு நேரடித் தொடர்பில்லாத மற்ற வரவுகள் எல்லாம் இந்த வரிக்குள் வரும். மாட்டுங்காவில் மெஸ் நடத்துகிறவர் சாப்பாடு விற்ற காசையும் வங்கியில் போட்ட பணத்தின் வட்டியையும் ஒரே நோட்டில் எழுதினாலும், மெஸ் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் வட்டியைச் சேர்த்துச் சொல்லமாட்டார். பங்கு வாங்குகிறவரும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

காலாண்டு முடிவில் இதர வருமானம் ஒற்றை வரியாக நின்றுவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்பது ஆண்டறிக்கையின் குறிப்புகளில்தான் இருக்கும். நீங்கள் அனுப்பியதில் 21 கோடி இப்படிப் பிரிகிறது: வங்கி வைப்பு வட்டி 8 கோடி, மியூச்சுவல் ஃபண்ட் மதிப்பு உயர்வு 4 கோடி, வருமான வரி ரீஃபண்டுக்கான வட்டி 5 கோடி, 'இனித் தேவைப்படாத பொறுப்புகள் திரும்ப எழுதப்பட்டது' 3 கோடி, சில்லறை வரவு 1 கோடி. போன ஆண்டின் 6 கோடியில் வைப்பு வட்டி 4, ஃபண்ட் 1, சில்லறை 1.

ஒவ்வொன்றிடமும் நான் கேட்பது இரண்டுதான்: அடுத்த ஆண்டும் வருமா? கையில் காசாக வந்ததா?

வரி ரீஃபண்ட் வட்டியை எடுத்துக்கொள்வோம். ஹோட்டல் நிறுவனங்களுக்கு வருமான வரித் துறையோடு வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும். தீர்ப்பு சாதகமாக வந்தால், கட்டிய வரி மாதம் அரை சதவீதத் தனி வட்டியோடு திரும்பி வரும். பத்து வருட வழக்கென்றால் வட்டியே அசலில் பாதியைத் தாண்டிவிடும். நல்ல காசு, உண்மையான காசு. ஆனால் பல ஆண்டுகளுக்கு உரியது ஒரே ஆண்டில் விழுந்திருக்கிறது. அடுத்த ஆண்டு இருக்காது.

அப்புறம் அந்த 'திரும்ப எழுதப்பட்ட' 3 கோடி. ஒப்பந்தக்காரருக்கோ சப்ளையருக்கோ தர வேண்டும் என்று முன்பு செலவாக எழுதி வைத்த தொகை இது. யாரும் கேட்கவில்லை, அல்லது கொடுக்கத் தேவையில்லை என்று தீர்ந்துவிட்டது, அதனால் வருமானமாக மாற்றியிருக்கிறார்கள். இதில் ஒரு ரூபாய் கூட உள்ளே வரவில்லை. வெளியே போக இருந்தது போகவில்லை, அவ்வளவுதான். ஒரு முறை வந்தால் பரவாயில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இந்த வரி பெரிதாக வந்தால், முன்பு செலவை அளவுக்கு மீறி எழுதிவைத்து இப்போது லாபமாக எடுக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வரும். பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்பேன்.

மியூச்சுவல் ஃபண்ட் உயர்வும் பெரும்பாலும் தாளில் உள்ள லாபம். இண்ட் ஏ.எஸ். 109 என்ற இந்தியக் கணக்கியல் தரத்தின்படி, நிறுவனம் கையில் வைத்திருக்கும் ஃபண்ட் யூனிட்டுகளை ஆண்டு முடிவில் அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, வித்தியாசத்தை லாப நட்டக் கணக்கில் சேர்க்க வேண்டும். விற்கவில்லை, ஆனாலும் வருமானம். மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்ட் என்றால் கிட்டத்தட்ட வட்டி மாதிரிதான், பயமில்லை. நீண்ட காலக் கடன் பத்திர ஃபண்ட் என்றால் வட்டி விகிதம் ஏறும்போது பத்திர விலை விழுந்து இதே வரி மைனஸாகவும் கூடும்.

ஆக, ஒரு முறை வரும் 8 கோடியை (ரீஃபண்ட் வட்டி 5, திரும்ப எழுதியது 3) கழித்தால் உங்கள் நிறுவனத்தின் லாபம் 30 கோடி. அதுவே போன ஆண்டைவிட 25 சதவீதம் கூடத்தானே என்று அப்பா கேட்பார். அந்த உயர்வு முழுவதும் வைப்பு, ஃபண்ட் இரண்டிலிருந்தும் வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வட்டியும் ஃபண்ட் உயர்வும் சேர்ந்து 12 கோடி. ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த ரொக்கம், வைப்பு, ஃபண்ட் இவற்றின் சராசரி 170 கோடி சொச்சம். அதாவது 7 சதவீதம். இது நம்பக்கூடிய எண். இந்தக் கணக்கை எந்த நிறுவனத்துக்கும் போட்டுப் பாருங்கள். வருமானம் கையிருப்பில் 12, 14 சதவீதம் என்று வந்தால், வட்டி என்ற பெயரில் வேறு எதுவோ உள்ளே இருக்கிறது, அல்லது ஆண்டு முடிவுக்கு முன் பணம் வேறு எங்கோ போயிருக்கிறது. 2 சதவீதம்தான் வருகிறதென்றால், அந்தப் பணம் உண்மையில் அங்கே முழு ஆண்டும் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

சரி, உங்கள் நிறுவனத்துக்கு இந்த 170 கோடி எங்கிருந்து வந்தது? பங்கு மூலதனக் குறிப்பைப் பாருங்கள். போன ஆண்டுக் கடைசியில் புதுப் பங்குகளை வெளியிட்டு 120 கோடி திரட்டியிருக்கிறார்கள். புது ஹோட்டல் கட்டுவதற்காக என்று எழுதியிருக்கிறது. கட்டுமானம் தொடங்கும் வரை பணம் வங்கியில் தூங்குகிறது. அதன் வட்டிதான் இப்போது லாபமாகத் தெரிகிறது. இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, பங்குகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. எனவே மொத்த லாபத்தைப் பார்க்காமல் ஒரு பங்குக்கான லாபத்தைப் பாருங்கள், வளர்ச்சி பாதியாகச் சுருங்கிவிடலாம். இரண்டு, பணம் கட்டடமாக மாற மாற வட்டி குறையும். ஹோட்டல் திறந்ததும் தேய்மானம் ஏறும், ஆட்கள் சம்பளம் ஏறும், ஆனால் அறைகள் நிரம்ப ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும். இன்றைக்கு லாபத்தை உயர்த்திக் காட்டும் அதே பணம், நாளைக்கு அதே வரியில் இல்லாமல் போகும். இது கெட்ட செய்தி இல்லை, ஹோட்டல் தொழிலே இப்படித்தான் வளர்கிறது. ஆனால் இந்த ஆண்டின் 38 கோடியை அடிப்படையாக வைத்து அடுத்த ஆண்டை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்றும் கவனித்தேன். 170 கோடி வைப்பில் 7 சதவீதம் சம்பாதிக்கிற நிறுவனம், இன்னொரு பக்கம் கடனுக்கு 13 கோடி வட்டி கட்டுகிறது. கடன் குறிப்பில் விகிதம் 9 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கடனை ஏன் அடைக்கவில்லை? காரணம் இருக்கலாம்: முன்கூட்டி அடைத்தால் அபராதம், வங்கி கேட்கும் கட்டாய இருப்பு, அல்லது திரட்டிய பணத்தை வேறு எதற்கும் எடுக்க முடியாத நிபந்தனை. ஆண்டுப் பொதுக் கூட்டம் இப்போதெல்லாம் காணொளியில்தான் பெரும்பாலும் நடக்கிறது. அப்பா முலுண்டிலிருந்தே இந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம். ஒரு பங்கு வைத்திருந்தாலும் கேட்கும் உரிமை உண்டு.

இதுவரை சொன்னது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். ஹோட்டலுக்கே உரிய சில சங்கதிகளும் உண்டு.

வெளிநாட்டு விருந்தாளிகள் கொடுக்கும் அந்நியச் செலாவணி ஹோட்டலுக்கு ஏற்றுமதி மாதிரி. 2015-20 வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் கீழ், சேவை ஏற்றுமதிக்கு அரசு ஊக்கத்தொகைச் சான்றிதழ் கொடுத்தது. அதை வைத்துச் சுங்க வரி கட்டலாம், அல்லது வேறொருவருக்கு விற்றுவிடலாம். ஹோட்டல்கள் இதில் நன்றாகப் பயனடைந்தன. இந்த வரவைச் சில நிறுவனங்கள் செயல்பாட்டு வருவாய்க்குள் 'இதர செயல்பாட்டு வருமானம்' என்று வைத்தன, சில இதர வருமானத்தில் வைத்தன. இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். ஆனால் இரண்டு ஹோட்டல் நிறுவனங்களின் செயல்பாட்டு லாபத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் இதைச் சமன் செய்யாவிட்டால் முடிவு தப்பாகும். பழைய பத்தாண்டுக் கணக்குகளைப் பார்க்கிறவர்களுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

கோவிட் காலம் இன்னொரு சிக்கல். குத்தகைக் கட்டடத்தில் நடக்கும் ஹோட்டல்களுக்கு உரிமையாளர்கள் வாடகையைத் தள்ளுபடி செய்தார்கள். குத்தகைக்கான இண்ட் ஏ.எஸ். 116 தரத்தில் 2020-இல் கொண்டுவந்த சலுகைத் திருத்தத்தின்படி, அந்தத் தள்ளுபடியை நேராக லாப நட்டக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள முடிந்தது. பல நிறுவனங்கள் அதை இதர வருமானத்தில் காட்டின. அறைகள் காலியாக இருந்த ஆண்டில் இதர வருமானம் வீங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். அந்த ஆண்டோடு எதையும் ஒப்பிடாதீர்கள்.

காப்பீட்டு வரவும் உண்டு. மும்பையில் இருக்கும் நமக்கு 2008 நவம்பர் பயங்கரவாதத் தாக்குதலை மறக்க முடியாது. நரிமன் பாயிண்ட் ட்ரைடெண்ட் அந்த டிசம்பரிலேயே திறந்தாலும், ஒட்டி நிற்கும் ஓபராய் 2010 ஏப்ரலில்தான் திறந்தது. தாஜின் பழைய அரண்மனைக் கட்டடம் முழுமையாகத் திரும்ப 2010 ஆகஸ்ட் 15 ஆனது. இப்படி மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் ஹோட்டல், லாப இழப்புக் காப்பீடு எடுத்திருந்தால் கிடைக்கும் தொகை, இழந்த அறை வாடகைக்குப் பதிலாக வருவது. அது இதர வருமானத்தில் இருந்தாலும் அந்த ஆண்டுக்குத் தொழில் வருமானத்தின் இடத்தில்தான் நிற்கிறது. கட்டடச் சேதத்துக்கு வரும் தொகை வேறு, அதை வருமானமாகப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டையும் குறிப்பில் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும்: செயல்பாட்டு வருவாய் என்ற தலைப்பில் இருப்பதெல்லாம் அறை வாடகை மாதிரி திரும்பத் திரும்ப வருவதில்லை. நம் ஊரில் தலைமையகம் உள்ள சாலெட் ஹோட்டல்ஸ் ஹோட்டலோடு அலுவலகக் கட்டடங்களையும் வாடகைக்கு விடுகிறது. அது தொழிலின் ஒரு பிரிவு, நிலையான வரவு, செயல்பாட்டு வருவாயில் சேர்வது சரிதான். அதே நிறுவனம் பெங்களூரு கோரமங்களாவில் அடுக்குமாடிக் குடியிருப்பும் கட்டி விற்றது. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் வீடுகளை ஒப்படைத்தபோது அந்த விற்பனை பெரிய தொகையாக வருவாயில் ஏறியது. சட்டப்படி அது செயல்பாட்டு வருவாய். ஆனால் ஒரு வீட்டை ஒரு தடவைதான் விற்க முடியும். அதனால்தான் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், இது யாரிடமிருந்து வந்தது, மறுபடி வருமா என்று கேட்கச் சொல்கிறேன். பிரிவு வாரியான கணக்கு காலாண்டு முடிவின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

கிளப் மகிந்திராவை நடத்தும் மகிந்திரா ஹாலிடேஸ் இன்னொரு வகை. 25 ஆண்டு உறுப்பினர் கட்டணத்தைப் பெருமளவு முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். இண்ட் ஏ.எஸ். 115 வந்த 2018-இலிருந்து அதை உறுப்பினர் காலம் முழுக்கப் பரப்பித்தான் வருவாயாகக் காட்ட வேண்டும். பணம் முன்னால் வருகிறது, வருவாய் பின்னால் வருகிறது, நடுவில் உள்ள பணம் வட்டி ஈட்டுகிறது. அந்த இதர வருமானத்தை ஒதுக்கித் தள்ளினால் அந்தத் தொழிலையே தவறாகப் படித்ததாகும். முன்பணம் வாங்குவது அந்தத் தொழிலின் உயிர். உங்கள் நிறுவனத்தின் வைப்பு அப்படிப்பட்டதல்ல.

'எபிட்டா' என்று செய்திகளில் வரும் எண்ணைப் பற்றியும், அதாவது வட்டிச் செலவு, வரி, தேய்மானம் இவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்பா பெரும்பாலும் அதைத்தான் பார்ப்பார். தாஜ் ஹோட்டல்களை நடத்தும் இண்டியன் ஹோட்டல்ஸின் 2024 ஜூலை-செப்டம்பர் காலாண்டு நல்ல உதாரணம். செயல்பாட்டு வருவாய் சுமார் 1,826 கோடி, இதர வருமானம் சுமார் 64 கோடி, மொத்தம் 1,890 கோடி. நிறுவனம் சொன்ன எபிட்டா 565 கோடி, மார்ஜின் (வருவாயில் எபிட்டாவின் பங்கு) 29.9 சதவீதம். இது இதர வருமானத்தையும் சேர்த்து. அதைக் கழித்தால் 501 கோடி, மார்ஜின் 27.4 சதவீதம். செய்திகளில் இரண்டு எண்ணும் வந்தன, இரண்டும் சரி. ஒரு நிறுவனத்துக்குச் சேர்த்த எண்ணையும் இன்னொன்றுக்குச் சேர்க்காத எண்ணையும் ஒப்பிடுவதுதான் தவறு. உங்கள் நிறுவனத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் மார்ஜின் 27.2-இலிருந்து 30.7 சதவீதமாக ஏறுகிறது. சேர்க்காமல் பார்த்தால் 25-இலிருந்து 23.5-ஆக இறங்குகிறது. ஒரே ஆண்டு, எதிரெதிர்த் திசை!

அதே இண்டியன் ஹோட்டல்ஸ் காலாண்டில் நிகர லாபம் சுமார் 555 கோடி. அதில் சுமார் 307 கோடி, விமான உணவு நிறுவனமான தாஜ்சாட்ஸைக் கூட்டு நிறுவனம் என்ற நிலையிலிருந்து துணை நிறுவனமாகக் கணக்கில் எடுத்தபோது, ஏற்கெனவே வைத்திருந்த பங்கை இன்றைய மதிப்புக்கு உயர்த்தியதில் வந்தது. இது இதர வருமானத்தில் இல்லை, 'விதிவிலக்கான இனங்கள்' என்ற தனி வரியில் இருந்தது. நிறுவனமே அதைக் கழித்து 247 கோடி என்றும் சொன்னது. ஆக, இதர வருமானத்தை மட்டும் கழித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அதற்குக் கீழே உள்ள அந்த வரியையும் பாருங்கள். உங்கள் அறிக்கையில் அது காலியாக இருக்கிறது, நல்லது.

தாய் நிறுவனத்தின் தனித்த கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்பதையும் பாருங்கள். துணை நிறுவனம் தாய் நிறுவனத்துக்குக் கொடுக்கும் டிவிடெண்ட் தனித்த கணக்கில் இதர வருமானமாக வரும், ஒருங்கிணைந்த கணக்கில் அடிபட்டுவிடும். பார்க்க வேண்டியது ஒருங்கிணைந்ததைத்தான்.

பருவமும் ஒரு மயக்கம் தரும். நம் நாட்டில் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் ஹோட்டல்களுக்கு அறுவடை. வட்டியோ பன்னிரண்டு மாதமும் சீராக வரும். அதனால் ஜூன், செப்டம்பர் காலாண்டுகளில் லாபத்தில் இதர வருமானத்தின் பங்கு பெரிதாகத் தெரிவது இயல்பு. போன ஆண்டின் அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

இனி அப்பாவின் கேள்வி. வாங்கலாமா என்று நான் சொல்லப்போவதில்லை, அவர் எந்த விலைக்கு வாங்குகிறார் என்பது தெரியாமல் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் விலையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லலாம். ஹோட்டல் தொழிலுக்கு 48 கோடி (204-இல் 156 போக) என்ற செயல்பாட்டு எபிட்டாவை, இதே போன்ற நிறுவனங்களுக்குச் சந்தை தரும் மடங்கால் பெருக்கி மதிப்புப் போடுங்கள். அதோடு கையில் உள்ள ரொக்கத்தையும் ஃபண்டையும் அப்படியே கூட்டுங்கள், கடனைக் கழியுங்கள். பலர் செய்யும் தவறு, இதர வருமானம் 21 கோடியும் சேர்ந்த 69 கோடியைப் பெருக்கி மதிப்புப் போட்டுவிட்டு, மேலே ரொக்கத்தையும் கூட்டுவது. ஒரே பணம் இரண்டு தடவை எண்ணப்பட்டுவிடும். வைப்பில் உள்ள 1 ரூபாயின் மதிப்பு 1 ரூபாய்தான். அதன் 7 பைசா வட்டியை இருபதால் பெருக்கினால் 1 ரூபாய் 40 பைசா என்று வரும், அது இல்லாத செல்வம்.

ஆண்டறிக்கையில் பணப்பாய்வு அறிக்கை என்று ஒரு பக்கம் உண்டு. அதில் செயல்பாட்டுப் பணத்தைக் கணக்கிடும்போது வட்டி, ஃபண்ட் உயர்வு, திரும்ப எழுதிய பொறுப்புகள் எல்லாவற்றையும் நிறுவனமே லாபத்திலிருந்து கழித்துக் காட்டும். நான் மேலே செய்த கணக்கில் பாதி அங்கே தயாராக இருக்கிறது. செப்டம்பர் காலாண்டு முடிவோடு அரையாண்டுக்கான பணப்பாய்வு அறிக்கையையும் நிறுவனங்கள் கொடுக்க வேண்டும், அதற்குப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கொடுக்கும் கெடு காலாண்டு முடிந்து 45 நாள். எனவே நவம்பர் நடுவில் அந்தப் பக்கம் கையில் கிடைக்கும். வைப்பு எவ்வளவு குறைந்தது, கட்டுமானத்துக்கு எவ்வளவு போனது, அறைகளிலிருந்து காசு எவ்வளவு வந்தது என்ற மூன்றையும் அதில் பார்த்துவிட்டு அப்பா முடிவெடுக்கட்டும். அதுவரை காத்திருப்பதால் அவருக்கு நஷ்டம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.